தேய்ந்த விரலும் ரேஷன் கருவியும்

ஐயா,

காசிமேட்டில் முப்பது வருடமாக மீன் ஆய்ந்து கொடுக்கும் என் அம்மாவுக்குக் கைரேகையே இல்லை. ஐஸும் உப்பும் செதிலும் அதைத் தேய்த்துவிட்டன. போன மாதம் ரேஷன் கடைக் கருவி ஐந்து முறை மறுத்தது. முந்தானையில் விரலைத் துடைத்து ஆறாவது முறை அழுத்தினார், சர்வர் நின்றுபோனது. "நாளைக்கு வாங்கம்மா" என்றார் ஊழியர். அவர் என்ன செய்வார், பாவம்! அம்மாவுக்கு ஒரு நாள் வியாபாரம் போயிற்று.

தொழில்நுட்பம் வேண்டாம் என்று சொல்லவில்லை. 2021-இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தபின் எங்கள் பிள்ளைகள் நேரத்துக்கு வேலைக்குப் போகிறார்கள். தரமாகச் செய்தால் பலன் வீடு வரை வருகிறது. ஆதார் பதிவில் பத்து விரலோடு இரண்டு கருவிழியும் எடுத்தார்கள் அல்லவா? கருவிழிக் கருவி ஒவ்வொரு கடையிலும் பழுதில்லாமல் இயங்க வேண்டும். எந்தக் கருவியையும் வாங்குமுன் மீன் ஆய்பவர், மூட்டை தூக்குபவர், பாத்திரம் துலக்குபவர் கைகளில் வைத்துச் சோதியுங்கள். அதுவரை, ரேகை விழாதவர்களுக்குக் கார்டைப் பார்த்தே அரிசி கொடுக்க உத்தரவிடுங்கள்.

- ஒரு வாசகி, காசிமேடு, சென்னை-13