செலவுப் பொட்டலத்தோடு வைக்கும் கடிதம்

கொடுமுடி,
மாசி மாதம்.

அன்புள்ள கண்ணு,

நீ கேட்டிருந்த செலவுச் சாமான்களை, ரசத்துக்கும் கைவைத்தியத்துக்கும் ஆகும் சரக்குகளை, தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, இந்தக் கடிதத்தையும் மேலேயே வைத்து அனுப்புகிறேன். மாப்பிள்ளை வரவழைத்திருக்கும் மஞ்சள் மாத்திரையையும் சீந்தில் மாத்திரையையும் பற்றி நீ போனில் கேட்டபோது, வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். காரணம் சொல்லாமல் வேண்டாம் என்றால் நீ ஒப்புக்கொள்ள மாட்டாய், ஒப்புக்கொள்ளவும் கூடாது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, ஒத்தாசைக்குப் பெரியவர்கள் யாரும் இல்லாமல் புனேயில் குடித்தனம் செய்கிறவளுக்கு எதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம், எதற்கு உடனே கிளம்ப வேண்டும் என்ற தெளிவு வேண்டும். எந்தப் பொருளை உன் கண்ணாலும் மூக்காலும் அடையாளம் காண முடியுமோ, எவ்வளவு போடுகிறோம் என்பது உனக்குத் தெரியுமோ, எந்த நோய்க்கு அது உதவாது என்பதும் தெரியுமோ, அந்தப் பொருள் மட்டும் உன் வீட்டு மருந்தாக இருக்கட்டும்.

முதலில் மஞ்சள். பெரிய பொட்டலத்தில் இருப்பது நம் காட்டில் தை மாதம் வெட்டி, வேகவைத்துக் களத்தில் காயப்போட்டு எடுத்த விரலி மஞ்சள். மெருகு போடுவதற்கு முன்பே உனக்கென்று எடுத்து வைத்ததால் மேலே சொரசொரப்பாகவும் மங்கலாகவும் இருக்கும். உடைத்துப் பார்த்தால் உள்ளே நல்ல நிறம் தெரியும். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் கடையில் பளபளவென்று மின்னும் மஞ்சளையும் மலிவு விலைத் தூளையும் வாங்காதே என்று நான் சொல்வது அந்தப் பெருமைக்காக அன்று. நிறம் தூக்கலாகத் தெரிய வேண்டும் என்பதற்காக லெட் குரோமேட் என்ற ஈயம் கலந்த சாயத்தை மஞ்சளில் ஏற்றுகிற கலப்படம் தெற்காசியாவில் பல இடங்களில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. வங்கதேசத்தில் 2019-இல் அரசு கடுமையான நடவடிக்கை எடுத்த பிறகே அது அடங்கியது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கெட்டதைப் பிறகு எந்த மருந்தாலும் சரிசெய்ய முடியாது. வெளியில் மஞ்சள் வாங்க நேர்ந்தால் முழு மஞ்சளாக வாங்கி, கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி அதில் ஒரு துண்டைப் போடு. போட்டவுடனே அடர்ந்த மஞ்சள் சாயம் இறங்கினால் அதைத் தூக்கி எறிந்துவிடு.

மஞ்சளோடு மிளகைத் தட்டிச் சேர்க்கும் நம் வழக்கத்துக்கு நல்ல காரணம் உண்டு. மஞ்சளில் உள்ள குர்குமின் தனியாக உள்ளே போனால் இரத்தத்தில் மிகக் கொஞ்சமே சேரும். மிளகில் உள்ள பைப்பரினும் கூடச் சென்றால் பல மடங்கு சேரும் என்பதைப் பெங்களூரு ஆய்வாளர்கள் 1998-இல் காட்டினார்கள். இதே செய்தியை வைத்துக்கொண்டுதான் இரண்டையும் செறிவாக்கி மாத்திரையில் அடைத்து விற்கிறார்கள். காய்ந்த மஞ்சளில் குர்குமின் நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு வரைதான் இருக்கும். ஆகவே ரசத்தில் போடும் கால் ஸ்பூனில் உள்ளே போவது சிறிதளவே. செறிவூட்டிய மாத்திரைகளை உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை 2019-இல் இத்தாலியிலும், பிறகு அமெரிக்காவிலும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சீந்திலும் அப்படித்தான். கொரோனாக் காலத்தில் அதைத் தொடர்ந்து சாப்பிட்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் பாதித்ததாக மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்து, சீந்திலைப் போலவே தோன்றும் வேறொரு கொடியைச் சாப்பிட்டிருக்கலாம் என்றது. யார் சொல்வது சரியாக இருந்தாலும், டப்பாவுக்குள் இருப்பது எந்தக் கொடி என்று வாங்குகிறவருக்குத் தெரியாது என்பது உறுதியாகிறது. மாப்பிள்ளையிடம் இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்.

இயற்கையில் விளைந்தது எதுவும் கெடுதல் செய்யாது என்பது அவருடைய எண்ணம் என்றாய். மூலனூர், தாராபுரம் பக்கம் போகும்போது கண்வலிக்கிழங்குக் காடுகளை நீ பார்த்திருக்கிறாய். நம் மாநில மலரான செங்காந்தள் அந்தக் கொடியில்தான் பூக்கிறது. அதன் விதையிலிருந்து எடுக்கும் கோல்சிசின் மூட்டுவாதத்தில் ஒரு வகைக்கு இன்றும் மருந்தாகப் பயன்படுகிறது. அதே கிழங்கை அளவறியாமல் தின்றால் உயிர் போகும். நம் மண்ணிலேயே இயற்கையாய் விளைவதுதான் அதுவும்.

அடுத்து செலவு ரசம். இது ஒன்று உனக்குக் கைவந்துவிட்டால் சளி, உடம்பு வலி, வாய்க்கசப்பு ஆகிய மூன்றுக்கும் வேறு எதையும் தேட வேண்டியதில்லை. இரண்டு ஸ்பூன் கொத்தமல்லி, ஒரு ஸ்பூன் சீரகம், ஒரு ஸ்பூன் மிளகு, மூன்று நான்கு திப்பிலி, விரல் நுனி அளவு சுக்கு, அதில் பாதி அளவு சித்தரத்தை, கண்டந்திப்பிலிக் குச்சியில் சிறு துண்டு ஆகியவற்றை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்துக்கொள். சித்தரத்தை கூடினால் கசந்துவிடும். சுக்கையும் சித்தரத்தையையும் முதலில் தட்டிக்கொண்டால்தான் மிக்சியில் அரைபடும். வறுத்ததோடு பத்துப் பல் பூண்டு, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, மஞ்சள் சேர்த்து அரைத்து, நல்லெண்ணெயில் வதக்கிப் புளித்தண்ணீர் ஊற்றி, நுரை கட்டி வரும்போது இறக்கிவிடு. கொள்ளு வேகவைத்த தண்ணீரை அதிலே ஊற்றிக்கொண்டால் இன்னும் நன்றாக இருக்கும். பிள்ளை பெற்றவர்களுக்கு உன் அம்மாயி இதே ரசத்தில் பூண்டைக் கூட்டி, புளியைக் குறைத்துக் கொடுப்பார்கள். நீ பால் கொடுக்கிறவள் என்பதால் அந்தப் பக்குவமே உனக்கும் பொருந்தும். சளிக்கு இது செய்வதெல்லாம் தொண்டையை இதமாக்கி, மூக்கடைப்பைத் தளர்த்தி, சோறு இறங்கும்படி செய்வதுதான். சளி தன் காலத்தில் தானே போகும். அந்த ஒரு வாரத்தைத் துன்பமின்றிக் கடப்பதற்கு இந்த ரசம் உதவும்.

ஆடாதோடையை வேண்டுமென்றே அனுப்பவில்லை. நம் வேலியில் ஆடு கடிக்காமல் விட்டு வைத்திருக்கிற அந்த இலையில் வாசிசின் என்ற பொருள் இருக்கிறது. சளி மருந்துகளில் சேர்க்கிற புரோம்ஹெக்சினை அதிலிருந்துதான் உருவாக்கினார்கள். அவ்வளவு வலுவான இலை கருப்பையையும் சுருங்கச் செய்யும் என்பதால் மாசமாக இருப்பவர்கள் தொடக்கூடாது; பால் கொடுக்கும் நீயும் இப்போதைக்கு அதை விட்டுவிடு. அதற்குப் பதிலாகக் கற்பூரவல்லித் தண்டுகளை ஈரத்துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். பால்கனித் தொட்டியில் ஒரு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றிவிட்டால் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் தேங்கினால் மட்டும் அழுகிவிடும். தூதுவளை விதையும் கொஞ்சம் இருக்கிறது. அது முள் கொடி, குழந்தை தவழ ஆரம்பிப்பதற்குள் கைக்கெட்டாத உயரத்துக்கு மாற்றிவிடு.

குழந்தையைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத வேண்டும். பாப்பாவுக்கு வசம்பு சேர்ந்த உரை மருந்து உரைத்துக் கொடுக்கவில்லையா என்று உன் அத்தை கேட்டதாகச் சொன்னாய். வேண்டாம். வசம்பில் பீட்டா அசரோன் என்ற கெடுதலான பொருள் இருக்கிறது. அமெரிக்காவில் 1968-லேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்துவிட்டார்கள். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பாலைத் தவிரத் தண்ணீர்கூட வேண்டியதில்லை. ஒரு வயது முடியும்வரை தேனை நாக்கில் தொட்டும் வைக்காதே. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து பெரியவர்களை ஒன்றும் செய்யாவிட்டாலும், பச்சைக்குழந்தையின் குடலில் முளைத்து உடம்பையே தளரச் செய்துவிடும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதும், குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகை காட்டுவதும், சளிக்கென்று நெஞ்சில் கற்பூரம் கலந்த எண்ணெய் தேய்ப்பதும் கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும். கற்பூரம் தோல் வழியாகவும் சுவாசத்தின் வழியாகவும் ஏறி வலிப்பைக் கொண்டுவரும். வேப்பெண்ணெயை ஒரு சொட்டுகூட உள்ளுக்குக் கொடுக்கக் கூடாது. இவையெல்லாம் நம் பெரியவர்கள் அன்போடு செய்தவை. அந்த அன்பை நான் மதிக்கிறேன். ஆனாலும் என் பேரக்குழந்தைக்கு இவற்றைச் செய்ய ஒப்ப மாட்டேன்.

பாப்பாவுக்குச் சளி பிடித்தால் தூங்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறும் நெஞ்சும் ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணிப் பார். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுவரை உள்ள குழந்தைக்கு நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் மூச்சு ஓடினால் அது வெறும் சளி அன்று. விலாவுக்குக் கீழே உள்வாங்கினாலும், பால் குடிக்க மறுத்தாலும், எழுப்பினால் எழாமல் துவண்டாலும் எனக்குப் போன் செய்வதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடு. ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வை. 100.4 டிகிரியைத் தாண்டினால் நான்கு மாதக் குழந்தைக்குக் கைவைத்தியம் பார்க்கும் பேச்சே கூடாது.

பெரியவர்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். உப்பு கூடினால் ஆபத்து என்பதால் கண்ணளவில் போடாதே. 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, திலீப் மகலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பும் குளுக்கோஸும் கலந்த கரைசலை அகதிகளின் உறவினர்கள் கையிலேயே கொடுத்துப் புகட்டச் சொன்னார். 100 பேரில் 30 பேர் இறந்துகொண்டிருந்த இடத்தில் சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. வீட்டு வைத்தியத்தில் இதற்கு இணையாக உயிர் காத்தது வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. குழந்தைக்கு மட்டும் நீ கரைத்துக் கொடுக்காதே. தாய்ப்பாலை நிறுத்தாமல், டாக்டர் சொல்லும் பாக்கெட்டை அவர் சொல்லும் அளவில் கொடு.

நிலவேம்புக் குடிநீர்ப் பொடி கேட்டிருந்தாய், வைத்திருக்கிறேன். நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என ஒன்பது சரக்கு சேர்ந்தது அது. இங்கே டெங்குக் காலத்தில் அரசே காய்ச்சிக் கொடுத்தது உனக்கு நினைவிருக்கும். காய்ச்சல் கண்ட உடம்புக்கு மாப்பிள்ளை குடிக்கலாம், நீ இப்போது குடிக்காதே. அதைக் குடித்துவிட்டதால் இரத்தப் பரிசோதனை வேண்டாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். டெங்குவில் காய்ச்சல் விடுகிற ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்தானவை. அப்போது கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். வலி தாங்காமல் ஆஸ்பிரினோ இபுபுரூபனோ விழுங்கினால் இரத்தக்கசிவு கூடும். பாராசிட்டமால் மட்டுமே போதும். அந்தக் கொசு சுத்தமான தண்ணீரில் முட்டையிட்டு, பத்து நாளுக்குள் பறந்துவிடும். ஃபிரிட்ஜின் பின்தட்டையும் தொட்டிகளுக்கு அடியில் உள்ள தட்டுகளையும் வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவினால் பொடியே தேவைப்படாமல் போகலாம்.

கீழாநெல்லி அனுப்பவில்லை. 1988-இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைப் பற்றி லான்செட் இதழில் எழுதியபோது, மஞ்சள் காமாலைக்கு மருந்து கிடைத்துவிட்டது என்று ஊரே நம்பியது. அவர்கள் சொன்னதோ ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களைப் பற்றி. பிறகு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. கண் மஞ்சளித்தால் இலையை அரைக்காமல், முதலில் எந்தக் காமாலை என்று பார்க்கச் சொல்.

மாப்பிள்ளைக்கு இரத்த அழுத்தம் இருப்பதால் தொண்டைக் கரகரப்புக்கு அதிமதுரம் மெல்லும் பழக்கத்தை விட்டுவிடச் சொல். தொடர்ந்து மென்றால் அழுத்தம் ஏறும், உடம்பில் பொட்டாசியம் குறையும். சுட்டுக்கொண்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். பற்பசை, மாவு, மை எதையும் பூச வேண்டாம்.

மற்றவை சிறு காரியங்கள். துவரம்பருப்பையும் தட்டைப்பயறையும் நல்ல வெயிலில் காயவைத்து, ஆறிய பிறகு கிலோவுக்கு ஒரு ஸ்பூன் விளக்கெண்ணெய் தடவி டப்பாவில் போட்டு வை, வண்டு விழாது. அரிசிக்கு நிழலில் காய்ந்த நொச்சி இலையை மெல்லிய துணியில் முடிந்து வைத்திருக்கிறேன். வசம்புத் துண்டு ஒன்றையும் அந்த முடிச்சில் சேர்த்திருக்கிறேன். அதற்கு அரிசி டப்பாவே போதுமான இடம். காப்புக்கட்டுக்குப் பறித்ததில் மீந்த பூளைப்பூவும் ஒரு கட்டு இருக்கிறது. அது வாசலில் கட்டத்தான், காய்ச்சிக் குடிக்க வேண்டாம். கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை ஈரம் இழுக்கும். பொட்டலத்தைப் பிரித்தவுடன் கண்ணாடி ஜாடிக்கு மாற்றிவிடு.

எல்லாவற்றிலும் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஒட்டாத ஒன்று கண்ணில் பட்டால் உபயோகிக்காமல் எனக்குப் படம் எடுத்து அனுப்பு. திப்பிலி இந்த முறை தரமாகக் கிடைக்காததால் குறைவாகவே வைத்திருக்கிறேன். சித்திரையில் அப்பா அங்கே வரும்போது மீதியைக் கொடுத்து அனுப்புகிறேன். வேறு என்ன வேண்டும் என்று பங்குனிக்குள் எழுதிவிடு.

அன்புடன்,
அம்மா.