காலர் தொடாத முடி

யீஷுன், சிங்கப்பூர்

அன்புள்ள கூட்டாளிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. மன்னார்குடி மழை, உன் முழங்கால் வலி, மகள் வீட்டுக் கிரகப்பிரவேசம், எல்லாம் படித்தேன். இங்கே நான் நலம். சர்க்கரை கொஞ்சம் ஏறி இறங்குகிறது, மற்றபடி குறையில்லை. பதில் தாமதமானதற்குக் காரணம் என் பேரன். அடுத்த மாதம் தேசிய சேவைக்கு, அதுதான் இங்கே ஆண்பிள்ளைகளுக்கான கட்டாய ராணுவ சேவைக்குப் போகிறான். தோள் வரைக்கும் முடி வளர்த்துக் கொண்டை போட்டுக்கொண்டு திரிகிறவன். தெக்கோங் தீவில் இறங்கியதும் மழித்துவிடுவார்கள் என்று தெரியும். அதனால் இப்போதெல்லாம் கண்ணாடி முன்னால் கூடுதல் நேரம் நிற்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை, "தாத்தா, உங்களுக்கும் நீள முடி இருந்ததாமே, பாட்டி சொன்னாங்க" என்று கேட்டான். அன்றிலிருந்து எனக்கு உன் அப்பா நினைவுதான்.

அவனுக்கு முதலில் பழைய சோங் பாங் கிராமத்தையே விளக்க வேண்டியிருந்தது. அத்தாப்பு ஓலைக் கூரை வீடுகள், சுல்தான் தியேட்டர், கோப்பிக்கடை, அதை ஒட்டி உன் அப்பாவின் முடிவெட்டும் கடை. இன்று சோங் பாங் என்ற பெயர் யீஷுன் அடுக்குமாடிகளுக்கு நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். முடி ஆசை எப்படி வந்தது என்று கேட்டான். கடற்படைத் தளத்து வெள்ளைக்கார அதிகாரிகளின் பையன்களைப் பார்த்தும், இசைத்தட்டு உறைகளைப் பார்த்தும் வந்தது என்றேன். அப்புறம் பினாங்கு. பத்து ஃபெரிங்கி கடற்கரையில் மணலில் படுத்திருந்தானே ஒரு ஜெர்மன்காரன், நினைவிருக்கிறதா? இஸ்தான்புல்லில் தொடங்கி ஹெராத், காபூல், பெஷாவர் என்று ஒவ்வொரு ஊர்ப் பெயரையும் நோட்டில் எழுதி வைத்திருந்தான். ஹெராத் என்ற ஊரை நான் முதலில் கேட்டது அவன் வாயால்தான். சிங்கப்பூருக்கு வா என்று கூப்பிட்டோம். தன் முடியைத் தொட்டுக் காட்டிச் சிரித்தான்.

அவன் வராததில் ஆச்சரியம் இல்லை. ஆண்கள் நீள முடி வைப்பதை அப்போது சிங்கப்பூர் அரசாங்கம் எதிர்த்துக்கொண்டிருந்தது. 1970 ஆகஸ்டில் மலேசிய மாணவர்கள் மூவரைப் போலீஸ் ஆர்ச்சர்ட் ரோட்டில் பிடித்து முடியைக் கத்தரித்ததில், பிரதமர் லீ குவான் யூவின் மலேசியப் பயணமே தள்ளிப்போனது. 1972-இல் லெட் செப்பலின் என்ற ஆங்கில ராக் இசைக்குழுவை முடிக்காகவே ஊருக்குள் விடவில்லை, கச்சேரி ரத்தானது. அன்று நீ பேசாமல் ரேடியோவை அணைத்ததை நான் மறக்கவில்லை.

பேரனால் நம்ப முடியாமல் போனது அந்தக் காலத்தில் அலுவலகங்களில் ஒட்டியிருந்த சுவரொட்டியைத்தான். நீள முடி வைத்த ஆண்களைக் கடைசியில்தான் கவனிப்போம் என்று போட்டு, எது நீளம் என்று படமும் வரைந்திருந்தார்கள். நெற்றியில் விழுந்து புருவத்தைத் தொட்டால் நீளம், காதை மூடினால் நீளம், சட்டைக் காலருக்குக் கீழே இறங்கினால் நீளம். ஓர் அலுவலகத்தில் ஒரு கையெழுத்துக்காகக் காலை ஒன்பது மணிக்குப் போய் உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக முடித்துக்கொண்டு போனார்கள். பக்கத்தில் ஒரு மலாய் மக்சிக், வயதான அம்மா, மடியில் கூடையோடு இருந்தார். அவர் முறை வந்தபோது எழுந்து போய், "இந்தப் பிள்ளை எனக்கு முன்னாலேயே வந்தவன்" என்று மலாயில் சொன்னார். கவுண்டரில் இருந்தவர் சுவரொட்டியைக் கைகாட்டினார். மக்சிக் திரும்பி வந்து என் பக்கத்திலேயே மறுபடியும் உட்கார்ந்துகொண்டார். எவ்வளவு சொல்லியும் போகவில்லை. பன்னிரண்டரைக்கு என்னைக் கூப்பிட்டபோதுதான் அவரும் எழுந்தார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் நேராக உங்கள் கடைக்குத்தான் வந்தேன். "எல்லாத்தையும் எடுத்துடுங்கண்ணே" என்றேன். உன் அப்பா கையிலிருந்த மெஷினைக் கீழே வைத்துவிட்டு, "கோபத்துல தலை கொடுக்கக் கூடாதுப்பா" என்றார். அப்புறம் அவர் செய்ததைத்தான் சொல்ல வந்தேன். முடி வெட்டுகிறவர்கள் காலரை உள்ளே மடித்துவிட்டுத்தானே துணி போர்த்துவார்கள்? அவர் என் காலரை வெளியே எடுத்து நிமிர்த்தி, சீப்பை அதன் மேல் படுக்கையாக வைத்து, சீப்புக்கு மேலே மட்டும் கத்தரித்தார். காலருக்கும் முடிக்கும் நடுவில் ஒரு நெல் அளவு. காதோரத்தில் நீளத்தை விட்டுவிட்டு அடியில் மட்டும் குறைத்தார், சீவினால் காதுக்குப் பின்னால் அடங்கும்படி. கடைசியில் பவுடர் போட்டு, தோளைத் தட்டி, "படத்துல இருக்கிற எதையும் நீ மீறலை. இனி தைரியமாப் போ" என்றார். மாதம் இரண்டு தடவை அப்படிப் பார்த்துப் பார்த்து வெட்டினார். பாதி நாள் காசு வாங்கவில்லை.

"சாமியார் வளர்த்தா கும்பிடுறாங்க, நீ வளர்த்தா விரட்டுறாங்க" என்றும் ஒருநாள் சொன்னார். பல வருஷம் கழித்து, 1969-இல் அமெரிக்காவில் நடந்த உட்ஸ்டாக் இசை விழாவைத் தொடங்கி வைத்துப் பேசியவர் சுவாமி சச்சிதானந்தர் என்று படித்தேன். கோயம்புத்தூர்ப் பக்கம் செட்டிப்பாளையத்துக்காரர். நாலு லட்சம் பேர் கூடிய இடத்தில் நீண்ட தாடியும் முடியுமாக ஒரு தமிழர் மேடையில் உட்கார்ந்திருக்கிறார்! உன் அப்பாவிடம் அந்தப் படத்தைக் காட்டியிருக்க வேண்டும்.

நீள முடியோடு போதைப் பழக்கமும் வந்துவிடும் என்று அரசாங்கத்துக்குப் பயம் இருந்ததில் தப்பில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். போதைப்பொருள் சட்டம் 1973-இல் வந்தது, வந்திருக்கவும் வேண்டும். எம்எக்ஸ் என்ற போதை மாத்திரை நம் வீட்டு வரிசையிலேயே ஒருவனைக் கொண்டுபோனதே. ஆனால் அவன் தலைமுடி எப்போதும் ஒட்ட வெட்டியிருக்கும். எந்தக் கவுண்டரிலும் அவனைக் காக்க வைத்ததில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மீதிக் கதை உனக்குத் தெரியும். அக்கம்பக்கத்தார் கேட்டபோதெல்லாம் அம்மா, "முருகனுக்கு வேண்டுதல்" என்று சொல்லி என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். 1974 தொடக்கத்தில் தேசிய சேவைக் கடிதம் வந்ததும், "உனக்காக முருகன் பேரில் பொய் சொல்லிட்டேன், அதை உண்மையாக்கிடு" என்று கேட்டார். அந்தப் பங்குனி உத்திரத்தன்று கான்பெரா ரோட்டு மரத்தடி பாலசுப்பிரமணியர் கோயிலில் முடி இறக்கினேன். உன் அப்பாதான் இறக்கினார். தண்ணீர் தொட்டுத் தலையை ஊற வைத்து, கத்தியைத் தோல் வாரில் தீட்டி, உச்சியில் முதல் கோடு போடும் முன் ஒரு நிமிஷம் நிறுத்தி, "சம்மதந்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மூன்று வருஷ முடி என் மடியில் விழுந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. சந்தனம் பூசியதும் தலை சில்லென்று இருந்தது. அடுத்த மாதம் முகாமில் வரிசையில் நின்று நாற்காலிக்குப் போனபோது, மெஷின் வைத்திருந்தவர் என் தலையைப் பார்த்துவிட்டுப் போ என்று கையசைத்தார். என் முடியை யாரும் பறிக்கவில்லை, நானாகக் கொடுத்தேன். அந்த நிம்மதியோடுதான் அந்த இரண்டரை வருஷத்தையும் கடந்தேன்.

அதே வருஷக் கடைசியில் நீங்கள் கடையை மூடிவிட்டு 'சிதம்பரம்' கப்பலில் ஏறினீர்கள். எனக்கு முகாமில் விடுப்பு கிடைக்கவில்லை. உன் அப்பா காலமானபோது ஆறுதல் எழுதினேனே தவிர, இதையெல்லாம் எழுதவில்லை. அவரிடம் சொல்லியிருக்க வேண்டியதை ஐம்பது வருஷம் கழித்து உன்னிடம் சொல்கிறேன். அந்த வயதில் என் தலையில் மரியாதையோடு கை வைத்தவர் அவர் ஒருவர்தான்.

பேரன் கேட்டது ஒன்றே ஒன்று: "அந்தத் தாத்தா போட்டோ இருக்கா?" என்னிடம் இல்லை. கடை வாசலில் நாம் மூவரும் நின்று எடுத்த படம் உங்கள் வீட்டில் இருந்ததே, உன் அப்பா வெள்ளை பனியனும் தோளில் துண்டுமாக? இருந்தால் உன் மருமகனிடம் சொல்லி வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல். பன்னிரண்டாம் தேதி அவன் கிளம்புகிறான், அதற்கு முன்னால் பார்த்துவிட்டால் நல்லது. முழங்காலுக்குத் தைலம் ஒரு புட்டி ஊருக்கு வருகிறவரிடம் கொடுத்திருக்கிறேன், கேட்டு வாங்கிக்கொள்.

உன் பழைய கூட்டாளி