'சின்ன உரசல்தான்' என்று சொல்லி வைத்தேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய காரை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துப் புதிது எடுப்பது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கழுவித் துடைத்துக் கொண்டு போங்கள், சர்வீஸ் புத்தகத்தை மறக்காதீர்கள் என்றெல்லாம் சொல்லியிருந்தீர்கள், சரி. ஆனால் ஒருமுறை அடிபட்டு வேலை பார்த்த வண்டியை வைத்திருப்பவனுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. நான் அந்த ரகம், அதனால்தான் எழுதுகிறேன்.

என் வண்டிக்கு இடதுபக்க முன்புறம் அடி. முன்சக்கரத்துக்கு மேலே இருக்கும் ஃபெண்டர் தகடும் ஹெட்லைட்டும் புதிதாகப் போட்டு, கதவை டிங்கரிங் செய்து பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான், மதிப்புப் போட வந்த தம்பி "அடி ஏதாவது பட்டிருக்கா சார்?" என்று கேட்டதும் "சின்ன உரசல்தான்" என்று சொல்லி வைத்தேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. பெயிண்ட் எவ்வளவு கனம் என்று அளக்கும், கைக்கு அடக்கமான மீட்டர் ஒன்றை எடுத்து முதலில் கூரையில் வைத்தார், 110 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). வலது கதவில் 120. இடது கதவில் வைத்ததும் 640! கம்பெனி பெயிண்ட் பெரும்பாலும் 100, 150 என்று நிற்கும், மேலே இன்னொரு முறை அடித்தால் 200-ஐத் தாண்டும், இந்த அளவுக்கு ஏறினால் உள்ளே பள்ளத்தை நிரப்பப் பூசிய பட்டி இருக்கிறது என்றார். அப்புறம் பானெட்டைத் திறந்து ஃபெண்டர் போல்ட்டின் தலையைக் காட்டினார், ஸ்பானர் பட்ட இடத்தில் பெயிண்ட் பெயர்ந்திருந்தது. வலது ஹெட்லைட் மஞ்சள் பூத்துக் கிடக்க, இடதுபக்கம் மட்டும் பளிச்சென்று இருந்ததை நானே அன்றுதான் கவனித்தேன்.

தொகையைக் குறைத்தார்கள், அது எதிர்பார்த்ததுதான். ஆனால் கூரையைத் தாங்கும் பில்லரிலும் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸிலும் யாரும் கை வைக்கவில்லை என்று நான் அதற்கப்புறம் சொன்னது முழு உண்மை. உரசல் என்று சொன்ன அதே வாயிலிருந்து வந்ததால் எடுபடவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த இடத்துக்குப் போகும்போது ஃபைலோடு போனேன். எந்தப் பாகம் மாற்றியது, எது தட்டி நிமிர்த்தியது என்று பிரித்துப் போட்ட பில், வேலை நடக்கும்போது எடுத்த படங்கள், வீல் அலைன்மென்ட் ரிப்போர்ட், எல்லாவற்றையும் அங்கே மதிப்புப் போடுபவர் கேட்பதற்கு முன்பே மேஜையில் வைத்தேன். அவரும் சும்மா விடவில்லை, கதவோர ரப்பர் பீடிங்கை இழுத்து உள்ளே இருக்கும் ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் கம்பெனியில் வைத்தது போலவே வரிசையாக இருக்கின்றனவா என்று பார்த்தார். இருந்தன. முந்தைய இடத்தைவிட நல்ல விலையே கிடைத்தது.

எக்ஸ்சேஞ்சுக்குக் கொண்டுபோகும் முன் இருக்கிற கீறலை எல்லாம் பெயிண்ட் அடித்து மறைக்கச் சொல்பவர்கள் உண்டு, தயவுசெய்து செய்யாதீர்கள். கீறல் கீறலாகவே இருந்தால் அதற்கு மட்டும்தான் கழிப்பார்கள். புதுப் பெயிண்டைப் பார்த்தால் கீழே என்ன ஒளிந்திருக்கிறதோ என்று மனசுக்குள் பெரிதாகக் கணக்குப் போடுவார்கள். பிளாஸ்டிக் பம்பரில் இந்த மீட்டர் பொதுவாக வேலை செய்யாது, ஆனாலும் நிற வித்தியாசம் காட்டிக் கொடுத்துவிடும். ஏர்பேக் வெடித்த வண்டி என்றால் அது வேறு கதை, சாவி போட்டதும் டேஷ்போர்டில் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரிந்து அணைகிறதா என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

வாங்குகிறவர்களிடமும் ஒரு குறை சொல்ல வேண்டும். ஒரு கதவுக்கு வேலை பார்த்ததும் சேஸிஸை இழுத்து நிமிர்த்தியதும் ஒன்றா? இரண்டுக்கும் 'ஆக்சிடென்ட் வண்டி' என்று ஒரே பெயர் வைத்துப் பேரம் பேசுகிறார்கள். இதை மறுக்க நம் கையில் இருப்பது அந்த பில்லும் படங்களும்தான். வேலை பாதியில் இருக்கும்போது ஒர்க்‌ஷாப்காரர் போனில் அனுப்பிய அந்தப் படங்களை நான் அழிக்காமல் வைத்திருந்ததுகூடத் தற்செயல்தான், இடம் போதவில்லை என்று இரண்டு தடவை அழிக்கப் பார்த்தேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்