பயிற்சி இல்லாதவரா டெரெக் பெய்லி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் மேலைநாட்டுக் கிதார் கலைஞர்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். ராக், ஜாஸ் கலைஞர்களைப் பற்றிய பகுதிகள் நன்றாகவே அமைந்திருந்தன. ஆனால் வணிக மேடைகளுக்கு வெளியே, சிறு கூடங்களில் இயங்கிய சோதனை இசைக் கலைஞர்களைக் கட்டுரையாளர் ஒரே பத்தியில் ஒதுக்கிவிட்டார். முறையாக வாசிக்கப் பயிலாதவர்கள் தங்கள் குறையை மறைத்துக்கொள்ளத் தேடிய வழியே அந்த இசை என்ற பொருள்பட அவர் எழுதியிருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது. அதற்கு எடுத்துக்காட்டாக அவர் சுட்டியிருப்பவர் இங்கிலாந்தின் கிதார் கலைஞர் டெரெக் பெய்லி. அவருடைய வாழ்க்கையை ஓரளவேனும் அறிந்தவர்கள் இதை ஏற்கமாட்டார்கள்.

1930ஆம் ஆண்டு ஷெஃபீல்டு நகரில் பிறந்த பெய்லி, சோதனை இசைக்கு வருவதற்கு முன் பல ஆண்டுகள் கிதாரை மட்டுமே நம்பிப் பிழைத்தவர். நடன அரங்குகளின் வாத்தியக் குழுக்களிலும் வானொலியிலும் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் அவர் வாசித்தார். கிரேசி ஃபீல்ட்ஸ் போன்ற புகழ்பெற்ற பாடகர்களுக்கும், மோர்க்கம் – வைஸ் என்ற நகைச்சுவை இணையருக்கும் பக்கம் வாசித்தார். அத்தகைய வேலையில், முன்னால் வைக்கப்படும் சுரக்குறிப்பைப் பார்த்த உடனே பிழையின்றி வாசிக்கத் தெரியாதவருக்கு மறுநாள் அழைப்பு வராது. அந்தத் தொழிலில் நிலைபெற்றிருந்த ஒருவர், முப்பது வயதைக் கடந்த பின், வருமானத்திற்கு எந்த உறுதியும் இல்லாத ஒரு பாதையைத் தாமே தேர்ந்துகொண்டார் என்பதுதான் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

அந்தத் திருப்பம் ஒரே நாளில் நிகழ்ந்துவிடவில்லை. 1963இல் டிரம்ஸ் கலைஞர் டோனி ஆக்ஸ்லி, அப்போது ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் தத்துவம் பயின்றுகொண்டிருந்த பாஸ் கலைஞர் கேவின் பிரையர்ஸ் ஆகியோரோடு சேர்ந்து, ‘ஜோசப் ஹோல்புரூக்’ என்ற மூவர் குழுவைப் பெய்லி தொடங்கினார். ஒரு மதுக்கடையின் மாடியில் வாசித்த இவர்கள், முதலில் வழக்கமான ஜாஸ் உருப்படிகளையே எடுத்துக்கொண்டார்கள். பின்னர் தாளக்கட்டைத் தளர்த்தி, சுருதி அடுக்குகளின் (கார்டுகளின்) வரிசையைக் கைவிட்டு, 1966க்குள் முன்தீர்மானம் எதுவும் இல்லாத இசைக்கு வந்து சேர்ந்தார்கள். படிப்படியாக ஒவ்வொரு விதியையும் எடுத்துப் பார்த்து, அது இல்லாமலும் இசை நிற்குமா என்று ஆராய்ந்தவர்களை விதி தெரியாதவர்கள் என்று சொல்வது எப்படிப் பொருந்தும்?

1966இல் லண்டனுக்குக் குடிபெயர்ந்த பெய்லி, டிரம்ஸ் கலைஞர் ஜான் ஸ்டீவன்ஸ் நடத்திய லிட்டில் தியேட்டர் கிளப்பில் அவரோடும், சாக்ஸஃபோன் கலைஞர் ஈவன் பார்க்கர், பாஸ் கலைஞர் டேவ் ஹாலண்ட், டிரம்பெட் கலைஞர் கென்னி வீலர் முதலியோரோடும் வாசித்தார். இந்த ஐவரும் சேர்ந்து 1968இல் பதிவு செய்த ‘கார்யோபின்’ இசைத்தட்டு இன்றும் கேட்கக் கிடைக்கிறது. அதே ஆண்டில் டேவ் ஹாலண்டை உலகப் புகழ்பெற்ற ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் தம் குழுவில் சேர்த்துக்கொண்டார் என்பதைச் சொன்னால், அந்தச் சிறு கூடத்தில் கூடியவர்களின் தரம் வாசகர்களுக்கு விளங்கும்.

வாசிப்பு முறையைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். அதே காலத்தில் ஏ.எம்.எம். என்ற சோதனை இசைக் குழுவின் கீத் ரோ கிதாரை மேசைமேல் படுக்கவைத்து, பல பொருள்களைக் கொண்டு அதிலிருந்து ஒலி எழுப்பினார். அதுவும் மதிக்கத்தக்க வழியே. பெய்லி அப்படிச் செய்யவில்லை. வழக்கமான சுருதி சேர்ப்பில், மடியில் வைத்த சாதாரணக் கிதாரிலேயே அவர் தம் இசையைத் தேடினார். அழுத்திய தந்தி, திறந்த தந்தி, விரல் நுனியால் மெல்லத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்ஸ் ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து வைத்து, ஒரு சுரத்திலிருந்து வெகு தொலைவிலுள்ள இன்னொரு சுரத்துக்குத் தாவிக்கொண்டே இருப்பார். செவி ஓர் இராகச் சாயலையோ மெட்டையோ பிடித்துக்கொள்ள முயலும் கணத்தில் அது நழுவிவிடும். மெட்டு தவறி விழாமல் பார்த்துக்கொள்வதற்குப் பயிற்சி வேண்டும் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். ஒரு மணி நேரம் முழுவதும் எந்த மெட்டிலும் விழாமல் இருப்பதற்கு அதைவிடக் குறைந்த பயிற்சி போதாது என்பது என் உறுதியான கருத்து. ஐயமுள்ளவர்கள் 2002இல் வெளிவந்த ‘பாலட்ஸ்’ தொகுப்பைக் கேட்கலாம். எழுபது வயதைக் கடந்த பெய்லி அதில் பழைய ஜாஸ் மெட்டுகளைத் தெளிவாக வாசித்து, அவற்றிலிருந்து தம் வழிக்குச் சென்று, மீண்டும் மெட்டுக்குத் திரும்புகிறார்.

கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவன் என்ற முறையில் இன்னொன்றையும் குறிப்பிட விரும்புகிறேன். உடனுக்குடன் புனைந்து வாசிப்பதைப் பற்றி 1980இல் பெய்லி ஒரு நூல் எழுதினார். அது இந்திய இசையிலிருந்தே தொடங்குகிறது. சிதார் கலைஞர் விராம் ஜசானியோடு உரையாடி, இராக இலக்கணத்துக்குள் நிகழும் கற்பனையை முதலில் விளக்கிவிட்டு, ஃபிளமெங்கோ, தேவாலய ஆர்கன், ராக், ஜாஸ் என்று அவர் செல்கிறார். ஒரு மரபின் எல்லைக்குள் எழும் மனோதர்மம் ஒன்று, எந்த மரபையும் சாராமல் எழ விரும்புவது வேறொன்று என்று அவர் பிரித்துக் காட்டினாரே தவிர, முன்னதைத் தாழ்த்தவில்லை. அந்நூலின் நேர்மைக்கு ஒரு சான்று சொல்வேன். பழைய தோழர் பிரையர்ஸ் இத்தகைய இசையை விட்டு விலகி இசையமைப்பாளராக மாறியவர். அவர் முன்வைத்த கடுமையான மறுப்புகளையும் பெய்லி அந்நூலிலேயே இடம்பெறச் செய்திருக்கிறார். தம் வாழ்நாள் பணியை மறுக்கும் குரலுக்குத் தம் நூலிலேயே பக்கங்கள் ஒதுக்கியவரைப் போலி என்று எண்ண என் மனம் ஒப்பவில்லை.

பெரிய நிறுவனங்கள் இவ்விசையைத் தொடாது என்பதை உணர்ந்து, 1970இல் ஆக்ஸ்லி, பார்க்கர் முதலியோரோடு சேர்ந்து ‘இன்கஸ்’ என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். இசைக்கலைஞர்களே உரிமையாளர்களாக இருந்து நடத்தியது அது. 1976இல் அவர் உருவாக்கிய ‘கம்பெனி’ என்ற இசைக் குழுவுக்கு நிலையான உறுப்பினர்கள் கிடையாது, ஒருவரோடொருவர் வாசித்துப் பழகாதவர்களை வேண்டுமென்றே ஒரே மேடையில் சேர்ப்பதே அதன் நோக்கம். 1977 முதல் 1994 வரை லண்டனில் நடந்த கம்பெனி வாரங்களுக்கு ஆண்டனி பிராக்ஸ்டன், ஸ்டீவ் லேசி, ஜான் சோர்ன் போன்ற அமெரிக்கக் கலைஞர்கள் வந்தார்கள்.

இறுதிக் காலத்தில் அவருடைய வலக்கையால் மீட்டுகோலைப் பிடிக்க முடியாமற்போனது. மணிக்கட்டு நரம்பு அழுத்தம் (கார்ப்பல் டனல்) என்று முதலில் கருதப்பட்டது. அறுவைச் சிகிச்சையை மறுத்த அவர், கட்டைவிரலைக் கொண்டு வாசிக்கக் கற்றுக்கொண்டு, அந்தக் கற்றலையே மூன்றாம் வாரம், ஐந்தாம் வாரம் என்று பதிவு செய்து, 2005இல் ‘கார்ப்பல் டனல்’ என்ற பெயரில் வெளியிட்டார். உண்மையில் அது தசைகளை இயக்கும் நரம்பணுக்களைச் சிதைக்கும் இயக்க நரம்பணு நோயாக இருந்தது. அவ்வாண்டு டிசம்பர் 25ஆம் நாள், எழுபத்தைந்தாம் வயதில் லண்டனில் காலமானார்.

பெய்லியின் இசை கட்டுரையாளருக்குப் பிடிக்கவில்லை என்றால் அது அவருடைய உரிமை. எனக்கும் முதலில் அது எளிதில் வசப்படவில்லை. ஆயினும் பிடிக்காமையைத் திறமையின்மை என்று அச்சிடுவது தவறான தகவல் ஆகிவிடுகிறது. ஆகவே அந்த ஒரு வரிக்கு விளக்கக் குறிப்பு வெளியிடுமாறும், இணைப்பில் இடம் அமையுமாயின் பெய்லியையும் ‘இன்கஸ்’ நிறுவனத்தையும் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றை வெளியிடுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருச்சிராப்பள்ளி.