24-ஆம் தேதி ராத்திரி மெட்ரோ ஓடட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் 'சென்னையில் கிறிஸ்துமஸ்: எங்கே போகலாம்?' என்று இரண்டு பக்கம் போட்டிருந்தீர்கள். ஆசையாக எடுத்துப் படித்தேன். நட்சத்திர ஓட்டல் பஃபே, மால் அலங்காரம், ஈசிஆர் ரிசார்ட், எல்லாவற்றுக்கும் பக்கத்தில் தலைக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. தேவாலயம் ஒன்றின் பெயர்கூட இல்லை, ஒரு தெரு இல்லை, ஒரு பேக்கரி இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் கிறிஸ்தவள் இல்லை. புரசைவாக்கத்தில் பிறந்து வளர்ந்தவள், கல்யாணமாகி ஆலந்தூருக்கு வந்து முப்பது வருடமாகிறது. புரசைவாக்கத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு ஆங்கிலோ இந்தியக் குடும்பம், எதிர்வீட்டில் திருநெல்வேலிக்காரர்கள், சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை). தீபாவளிக்கு அம்மா அதிரசம் வைத்துக் கொடுத்த எவர்சில்வர் தட்டு கிறிஸ்துமஸுக்குத்தான் திரும்பி வரும், கல்கல் என்ற இனிப்பும் அச்சு முறுக்கும் நிறைய. பக்கத்து வீட்டு ஆன்ட்டி திராட்சையை ரம்மில் ஊறப்போட்டு மாதக்கணக்கில் வைத்திருப்பார். வீட்டில் அவ்வளவு பெரிய அவன் கிடையாது, அதனால் மாவைக் கலந்து தட்டில் ஊற்றி பேக்கரியில் கொடுத்துச் சுட்டு வாங்குவார்கள். அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு கூடவே போவது என் வேலை. டிசம்பர் என்றால் எனக்கு இன்றைக்கும் அந்தப் பேக்கரி வாசல் வாசனைதான். வேப்பேரிப் பக்கம் போனால் நூறு வருடத்துக்கும் மேலாக நடக்கும் ஸ்மித் ஃபீல்டு பேக்கரி இன்னும் இருக்கிறது. ஒரு துண்டு பிளம் கேக் வாங்கி அங்கேயே நின்று சாப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள் உங்கள் நிருபரை.

சரி, வேறு எங்கே போகலாம்? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

டிசம்பர் இரண்டாவது வாரத்தில் ஒருநாள் சாயங்காலம் பாரிமுனை. பந்தர் தெருப் பக்கம் காகித நட்சத்திரம், சீரியல் பல்பு, குடிலுக்கான (இயேசு பிறந்த மாட்டுக்கொட்டிலின் மாதிரி) பொம்மைகள் என்று நடக்க இடமில்லாமல் கொட்டிக் கிடக்கும். வாங்காவிட்டாலும் பரவாயில்லை, பார்ப்பதே போதும். அப்படியே வடக்கே இராயபுரம் போங்கள். ராயப்பர் என்றால் இயேசுவின் சீடர் பேதுரு, அந்த ராயப்பர் பெயரில்தான் ஊரே இருக்கிறது. இராயபுரம், காசிமேடு சந்துகளில் பையன்கள் சேர்ந்து குடில் கட்டுவார்கள். சிமென்ட் பைக் காகிதத்தைக் கசக்கிச் சாயம் பூசினால் பாறை, கேழ்வரகைத் தட்டில் முளைக்கவிட்டால் புல்வெளி, நடுவில் வைக்கோல். குழந்தை இயேசுவின் இடம் மட்டும் 24-ஆம் தேதி நள்ளிரவு வரை காலியாக இருக்கும். அந்தக் காலி இடத்தைக் காட்டி "பாப்பா எப்போ வரும்" என்று சின்னப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருப்பதை நான் எத்தனையோ வருடம் பார்த்திருக்கிறேன். எந்த மாலில் கிடைக்கும் இது?

எழும்பூரில் ரயில் இறங்கியவர்கள் பலர் எட்டிப் பார்க்காமலே போகிற இடம் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆலயம், நாங்கள் கர்க் என்போம். 1821-ல் கட்டி முடித்தது. களிமண் பூமி என்பதால் கிணறுகள் இறக்கி அவற்றின் மேல் அஸ்திவாரம் போட்டிருக்கிறார்கள். உள்ளே வட்ட மண்டபம், பதினாறு தூண், மேலே கருநீல விதானத்தில் பொன் நட்சத்திரங்கள். கிறிஸ்துமஸ் பாட்டுகள் பாடும் கீத ஆராதனையில் பாடகர் குழு நான்கு குரலில் எடுக்கும்போது அந்த வட்டத்துக்குள் உட்கார்ந்து கேட்க வேண்டும். எனக்கு அந்தப் பாட்டுகளில் பாதிக்கு அர்த்தம் தெரியாது, ஆனால் ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைத்துக்கொள்ளும். செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் ஆலயம் இன்னும் பழையது, 1680. குண்டு விழுந்தாலும் தாங்கட்டும் என்று கூரையை அவ்வளவு கனமாகப் போட்டிருக்கிறார்கள். ராபர்ட் கிளைவின் கல்யாணம் நடந்த இடம் அது.

மயிலாப்பூர்க்காரர்களுக்கு இன்னும் சுலபம். மார்கழிக் கச்சேரி சீசனும் இதே நாட்கள்தானே! காலையில் சபா கேன்டீனில் சாப்பிட்டுவிட்டு (டிக்கெட் இல்லாமலே போகலாம்), ஒரு கச்சேரி கேட்டுவிட்டு, சாயங்காலம் லஸ் மாதா கோயில். அந்தப் பக்கம் அதற்குக் காட்டுக்கோயில் என்று பெயர், கல்வெட்டில் 1516 என்று இருக்கிறது. அங்கிருந்து கபாலி கோயில் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே கச்சேரி ரோடு வழியாகச் சாந்தோமுக்கு நடந்துவிடலாம். காலையில் திருப்பாவை, ராத்திரி திருப்பலி. இரண்டும் ஒரே நாளில் நடந்தே போகிற தூரத்தில் கிடைக்கிற ஊர் இது, இதை எழுத உங்கள் இணைப்பில் நான்கு வரி இடமில்லையா?

சாந்தோம் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லத்தான் வேண்டும். இயேசுவின் சீடர் புனித தோமாவின் கல்லறை மேல் எழும்பிய கோயில் என்பது அவர்கள் நம்பிக்கை, இப்போதிருக்கும் வெள்ளைக் கட்டடம் 1896-ல் வந்தது. 2004-ல் 24-ஆம் தேதி நள்ளிரவுத் திருப்பலி முடிந்து நானும் என் தங்கையும் கோயிலுக்குப் பின்னால் கடற்கரைக்குப் போனோம். மணி ஒன்றரை இருக்கும். புதுத்துணியோடு குடும்பம் குடும்பமாக மணலில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு அம்மா கூப்பிட்டு எங்களுக்கும் கேக் கொடுத்தார். 26-ஆம் தேதி காலையில் கடல் உள்ளே வந்துவிட்டது. அந்த அம்மா என்ன ஆனார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதற்கப்புறம் ஒரு வருடம்கூட நான் தவறவிட்டதில்லை. 24 ராத்திரி சாந்தோம், திருப்பலி முடிந்ததும் பின்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்து நிற்பேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், இந்தக் கடிதமே இதற்காகத்தான். போன வருடம் திருப்பலி முடிந்து வெளியே வந்தால் வீட்டுக்குப் போக வழியில்லை. மெட்ரோ 11 மணியோடு நின்றுவிடுகிறது. பஸ் எதுவும் வரவில்லை. ஆலந்தூருக்கு ஆட்டோவில் கேட்ட தொகைக்கு ஒரு வாரம் காய்கறி வாங்கலாம். என் பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி, எழுபதுக்கு மேல் வயது, தாம்பரம் போக வேண்டும், பேரனின் தோளில் சாய்ந்துகொண்டு விடியும்வரை கோயில் வளாகத்திலேயே இருந்துவிடுகிறேன் என்றார். இது கத்தோலிக்கர்களின் கஷ்டம் மட்டும் இல்லை. சிஎஸ்ஐ, லுத்தரன் ஆலயங்கள் பலவற்றில் 25 காலை ஆராதனை நான்கு, நாலரைக்கே தொடங்கிவிடும், மெட்ரோவோ ஐந்து மணிக்குத்தான் கிளம்பும். அதாவது வருடத்தில் அந்த ஒரு ராத்திரி, ஊரில் பாதிப்பேர் விழித்திருக்கும் நேரத்தில், வண்டி தூங்குகிறது.

சேப்பாக்கத்தில் ஐபிஎல் ஆட்டம் இருந்தால் 11 மணியைத் தாண்டியும் மெட்ரோ ஓட்டுகிறார்கள். நல்ல விஷயம், நானே அதில் வந்திருக்கிறேன். அப்படியானால் முடியாத காரியம் இல்லை என்றுதானே அர்த்தம்? 24 ராத்திரி இரண்டு மணி வரைக்கும், 25 விடியற்காலை மூன்றரையிலிருந்தும் அரை மணிக்கு ஒரு வண்டி விட்டால்கூடப் போதும். சாந்தோமிலிருந்தும் வேப்பேரியிலிருந்தும் பக்கத்து மெட்ரோ நிலையத்துக்கு நாலு சிற்றுந்து விட வேண்டும். பெரம்பூர் லூர்து மாதா கோயில், பரங்கிமலை பக்கமெல்லாம் மின்சார ரயிலும் அப்படியே.

நீங்கள் எழுதினால் கேட்பார்கள். என்னைப் போன்றவர்கள் மனு கொடுத்தால் ஒரு எண் போட்டு ரசீது வரும், அவ்வளவுதான், போன ஜனவரியில் கொடுத்ததற்கு அதுதான் வந்தது. இன்னும் பத்து நாள் இருக்கிறது. 23-ஆம் தேதி இதழில் எந்தெந்த ஆலயத்தில் எத்தனை மணிக்கு ஆராதனை என்று ஒரு பெட்டிச் செய்தியும் போடுங்கள், வேற்று மதத்துக்காரர்களும் உட்கார்ந்து கேட்கலாம் என்று ஒரு வரி சேர்த்து. உள்ளே போகலாமா கூடாதா என்று வாசலிலேயே தயங்கித் திரும்பிப் போகிறவர்களை வருடா வருடம் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஆலந்தூர், சென்னை