நான்கு மீனுக்கும் ஒரே பெயர் சொன்ன செயலி: சந்தாவைத் திருப்பிக் கேட்டுப் புகார்

அனுப்புநர்: ஓராண்டுச் சந்தாதாரர், மயாமி, புளோரிடா
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: மீன் அடையாளச் செயலியின் தவறான பதில்கள் – சந்தாத் தொகை 30 டாலரைத் திருப்பித் தரக் கோருதல்

ஐயா / அம்மையீர்,

நன்னீர் மீன்களை நொடியில் தமிழிலேயே அறியலாம் என்ற உங்கள் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டினேன். போன சனிக்கிழமை எவர்கிளேட்ஸ் சதுப்பை ஒட்டிய டாமியாமி டிரெயில் கால்வாய்க் கரையில் செயலியை முதன்முதலாகத் திறந்தேன். மழைக்காலத்துக்கு முன் சதுப்பில் நீர் வற்றும்போது மீன்கள் கால்வாயில் வந்து குவியும். மண்புழு கோத்துப் போட்ட தூண்டிலில் தக்கை நிற்கவே இல்லை. அரை மணியில் நான்கு மீன்கள். நான்கின் படத்துக்கும் செயலி தந்த பதில் ஒன்றே: "புளூகில், 98 விழுக்காடு உறுதி."

அருகில் தூண்டில் போட்டிருந்த பெரியவர் திரையை எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டார். முதல் மீன் புளூகில்தான் என்று அவரும் ஒப்புக்கொண்டார்: சிறிய வாய், செவுள் மூடியின் நுனியில் விளிம்புவரை கறுத்த மடல், முதுகுத் துடுப்பின் பின்பகுதியில் கரும்புள்ளி. இரண்டாவதன் மடலுக்குச் சிவப்பு விளிம்பு. கூரான மார்புத் துடுப்பை முன்னால் மடக்கினால் கண்ணைத் தாண்டியது. அது ரெட்இயர். நத்தை ஓட்டைத் தொண்டைப் பற்களால் நொறுக்குவதால் ஷெல்கிராக்கர் என்றும் சொல்வார்களாம். மூன்றாவதன் கண்ணிலிருந்து கருங்கோடுகள் விரிந்தன. அதன் பெரிய வாய்க்குள் விரலை விட்டு நாக்கைத் தடவச் சொன்னார்; உப்புத்தாள் போல் சொரசொரத்தது. நாக்கில் பல் உள்ள வார்மவுத் அது.

இந்த மூன்றும் ஆங்கிலத்தில் 'சன்ஃபிஷ்' எனப்படும் சூரிய மீன் குடும்பம். நான்காவது, அந்தக் குடும்பமே அல்ல. 1983இல் எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவில் முதலில் பதிவான அயல் மீனான மாயன் சிக்ளிட். நம் ஊர் ஜிலேபிக் கெண்டைக்கு உறவு. "உள்நாட்டு மீன், நீரில் விட்டுவிடுங்கள்" என்றது உங்கள் செயலி. நானும் விட்டுத் தொலைத்தேன். பிறகு பெரியவர் தம் வாளியிலிருந்து இன்னொன்றை எடுத்து மூக்கைக் காட்டினார். சிக்ளிட்டுக்குப் பக்கத்துக்கு ஒரு துளை, சூரிய மீனுக்கு இரண்டு. இவ்வளவுதான் வித்தியாசம், இதைக்கூடக் கேட்காத செயலிக்கு 98 விழுக்காடு உறுதி எங்கிருந்து வந்தது?

"மேலும் அறிய" என்ற பொத்தானை அழுத்தினால் ஆயிரம் கிலோவைத் தாண்டும் கடல்மீன் மோலாவைப் பற்றிய கட்டுரை வருகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'சன்ஃபிஷ்' என்ற ஒரே பெயர் என்பதற்காக, என் உள்ளங்கையில் அடங்கிய மீனுக்கு அதையா காட்டுவது?

இது விளையாட்டுப் பிழை அல்ல. பாதரசம் கருதி, எந்த நீர்நிலையின் எந்த மீனை எவ்வளவு உண்ணலாம் என்று புளோரிடா சுகாதாரத் துறை தனித்தனியே அறிவுரை தருகிறது. சூரிய மீன் வகைகளுக்கு மொத்தமாக நாளுக்கு 50 என்ற வரம்பு உண்டு. மாயன் சிக்ளிட்டுக்கு வரம்பே இல்லை. பெயர் தவறினால் எல்லாமே தவறும்.

என் முதல் புகாருக்கு, "மீனின் நிறம் இடத்துக்கு இடம் மாறும்" என்று பதில் அனுப்பினீர்கள். உண்மைதான். இனப்பெருக்கக் காலத்து ஆணின் நிறம் வேறு, பெண்ணின் நிறம் வேறு, கலப்பினங்களும் உண்டு. அதனால்தான் மடல், வாய், துடுப்பு ஆகியவற்றின் படங்களைக் கேட்டு வாங்கிய பின்பே செயலி பெயர் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லட்டும்.

14 நாட்களுக்குள் என் பணத்தைத் திருப்பி அனுப்புங்கள். மோலா கட்டுரையையும் அங்கிருந்து நீக்குங்கள்.

இப்படிக்கு,
சந்தாதாரர்

இணைப்பு: மீன்களின் படங்கள் 4, கட்டண ரசீது