பொறியில் வைத்த வடை: ஹொங் சொல்லுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ஹொங் சொல்,

உன் பெயரைத் தமிழில் எழுதும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருகிறது. கொரிய மொழியில் அதற்கு என்ன பொருளோ, எங்கள் எழுத்தில் அது ‘சொல்’ என்று வந்து நிற்கிறது. சொல்ல வேண்டியதையெல்லாம் தொண்டையிலேயே நிறுத்திக்கொண்டு, உள்ளுக்குள் மட்டும் நீளமாகப் பேசிக்கொள்ளும் ஒரு பெண்ணுக்கு இப்படி ஒரு பெயர் வாய்த்திருக்கிறது. உன்னை விட வயதில் மூத்தவள் என்பதால் ‘நீ’ என்றே எழுதுகிறேன்.

உன் கதையைச் சொன்ன ‘சீஸ் இன் தி ட்ராப்’ என்ற கொரியத் தொலைக்காட்சித் தொடரை அண்மையில் இரண்டாம் முறையாகப் பார்த்து முடித்தேன். 2016 ஜனவரி 4 முதல் மார்ச் 1 வரை, திங்கள், செவ்வாய் இரவுகளில், டிவிஎன் அலைவரிசையில் பதினாறு பகுதிகளாக வந்த தொடர். முதல் முறை பார்த்தபோது ஏற்பட்ட ஏமாற்றம் காலத்தால் தணிந்திருக்கும் என்று நம்பித்தான் மறுபடி உட்கார்ந்தேன். தணியவில்லை, காரணம்தான் தெளிவாகியிருக்கிறது. எலிப்பொறிக்குள் வைக்கும் பாலாடைக்கட்டியைத் தலைப்பாக வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் அந்த இடத்தில் மசால்வடையை வைப்போம். வடையின் மணம் நன்றாகவே இருந்தது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஏனென்றால் தொடக்கப் பகுதிகளில் நீ வாழ்ந்த கல்லூரியைப் போல உண்மையான ஒரு கல்லூரியை நான் திரையில் அதிகம் கண்டதில்லை. காதல் தொடர்களில் கல்லூரி என்பது பெரும்பாலும் மரங்களும் படிக்கட்டுகளும் நிறைந்த பின்னணிப் படம். அங்கே யாருக்கும் தேர்வு இருப்பதில்லை, கட்டணம் கட்டும் கடைசி நாள் இருப்பதில்லை. உனக்கோ எல்லாமே கணக்கு. உதவித்தொகை கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் ஓராண்டு விடுப்பு எடுத்துக்கொண்டு வேலை என்ற நிலை. வெளிநாட்டுக்குப் போய்ப் படிக்கத் தம்பிக்குக் கிடைத்த சலுகையை வீட்டில் யாரும் உனக்கு நீட்டவில்லை என்பதை ஒரு புலம்பலும் இல்லாமல் விழுங்கிக்கொண்டாய். அந்தக் குழுப் பணியை மறக்க முடியுமா? மற்றவர்கள் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி நழுவ, இரவெல்லாம் விழித்து அத்தனையையும் நீ ஒருத்தியாகச் செய்து முடித்து, கடைசியில் குழு முழுவதற்கும் கிடைத்த ‘டி’ மதிப்பெண்ணை நீயும் வாங்கிக்கொண்டு நின்றாய். நால்வர் பெயரைத் தாங்கி ஒருவர் எழுதிய செய்முறை ஏடுகளைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்தக் காட்சியில் மொழிபெயர்ப்பு வரிகளே தேவைப்படவில்லை. உன் உடையையும் தலைமுடியையும் அப்படியே நகலெடுத்த சொன் மின்-சூவின் பெயர், பிறரைப் பார்த்து நகலெடுப்பதைக் குறிக்கும் வினைச்சொல்லாகவே கொரியப் பேச்சுவழக்கில் நிலைத்துவிட்டது என்றால், அந்தப் பகுதிகள் எவ்வளவு ஆழமாகத் தைத்திருக்க வேண்டும்!

இந்த உலகத்துக்குள்தான் யூ ஜொங் வருகிறான். பணக்காரன், அழகன், முதல் மாணவன், எல்லாரிடமும் புன்னகைப்பவன். நீ அவனை ‘சன்பே’ என்று அழைக்கும்போது எனக்குச் சிறு பொறாமை உண்டு. எங்கள் கல்லூரிகளில் மூத்த மாணவர்களை ‘அண்ணா’ என்றோ ‘சீனியர்’ என்றோதான் அழைத்தோம். முன்னதில் காதலுக்கு வழியே இல்லை, பின்னதில் மரியாதை போதவில்லை. உறவும் ஆகாமல் அந்நியமும் ஆகாமல் நடுவில் நிற்கும் அந்த ஒரு சொல்லைக் கொண்டே உங்கள் மொழியினர் எத்தனை கதைகள் கட்டிவிட்டார்கள்!

அவன் புன்னகைக்குக் கீழே வேறு ஏதோ இருப்பதை அந்த வளாகத்தில் நீ மட்டும் கண்டாய். நீ கண்டுவிட்டாய் என்பதை அவனும் கண்டான். இந்தத் தொடரை அறிமுகப்படுத்துகிறவர்கள் எல்லாரும் ‘எதிரெதிர் குணம் கொண்ட இருவரின் காதல்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஏழை, பணக்காரன்; பதற்றம், அமைதி; வெடுக்கென்ற முகம், மென்மையான முகம் என்று பட்டியல் போடுவது எளிது. ஆனால் நீங்கள் இருவரும் அடிப்படையில் ஒரே வேலையைச் செய்பவர்கள். பிறரை ஓயாமல் கவனிப்பவர்கள், தங்களைப் பிறர் பயன்படுத்திக்கொள்கிறார்கள் என்ற கசப்பை முகத்தில் காட்டாமல் சுமப்பவர்கள். கசப்பு முற்றிய பிறகு என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் வேற்றுமை தொடங்குகிறது. நீ விழுங்குவாய், அவன் திருப்பிக் கொடுப்பான், அதுவும் தன் கைரேகை எங்கும் படாமல். உன்னைப் பிடிக்காத காலத்தில், உன்னைத் தொல்லை செய்துகொண்டிருந்த ஓ யொங்-கொனுக்குக் குறுஞ்செய்தி வழியே ஊக்கம் கொடுத்து அவனை உன் மேல் ஏவிவிட்டவனும் இவன்தான். இது சிறிய குற்றமில்லை. காதலன் என்ற தகுதியை ஒருவன் இழப்பதற்கு அது ஒன்றே போதும் என்று நீ முடிவெடுத்திருந்தாலும் நான் உன் பக்கம் நின்றிருப்பேன். அத்தகையவனோடு பழகிப் பார்க்கலாம் என்று நீ எடுத்த முடிவு எங்கே போய் முடியும் என்ற அச்சமும் ஆவலும்தான் என்னைப் பத்துப் பகுதிகள் வரை இழுத்துக்கொண்டு போயின.

அதன் பிறகு நடந்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. யூ ஜொங் மெல்ல மெல்லத் தன் கதையிலேயே விருந்தாளி ஆகிவிட்டான். அவன் இருக்க வேண்டிய இடத்தில் அவனுடைய பழைய நண்பன் பெக் இன்-ஹோ பியானோ வாசித்துக்கொண்டிருந்தான். இன்-ஹோவின் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. உன் தலைமுடியைப் பார்த்து ‘நாய் முடி’ என்று பெயர் வைத்தவன், மனதில் பட்டதை வாயால் சொல்கிறவன், உங்கள் பெற்றோரின் நூடுல்ஸ் கடையில் உழைத்தவன். கையில் நேர்ந்த காயத்தால் இசையை இழந்தவன் அதை மீட்டுக்கொள்ளும் கதை தனியாகவே ஒரு தொடருக்குத் தகும். ஆனால் இன்-ஹோவைப் புரிந்துகொள்ள யாருக்கும் உழைப்புத் தேவையில்லை. புரிந்துகொள்ளக் கடினமானவனை ஓரமாக நிறுத்திவிட்டு எளிதானவனுக்கு நேரம் கொடுத்ததால், ஒருவரை வாசிக்கும் உன் தனித்திறமைக்கு வேலையே இல்லாமல் போனது. நீயும் இரண்டு ஆண்களுக்கு நடுவில் விழித்துக்கொண்டு நிற்கும் வழக்கமான கதாநாயகியாகச் சுருங்கிப்போனாய்.

கொரியத் தொடர்களைப் பார்க்கிறவர்களிடம் ஒரு சமாதானம் எப்போதும் தயாராக இருக்கும்: ஒளிபரப்பிக்கொண்டே படமெடுக்கிறார்கள், பார்வையாளர் யாரை விரும்புகிறார்களோ அவர் பக்கம் கதை சாய்கிறது என்பார்கள். உன் கதையில் அந்தச் சமாதானம் செல்லாது. பெரும்பகுதி ஒளிபரப்புக்கு முன்பே படமாகிவிட்டது. தான் நடித்துக் கொடுத்த காட்சிகள் திரைக்கு வராததைப் பற்றி யூ ஜொங்காக நடித்த பார்க் ஹே-ஜின் வெளிப்படையாகவே வருந்தினார். 2010 முதல் நேவர் என்ற கொரிய இணையதளத்தில் உன்னைப் படக்கதையாக வரைந்து வந்த சுன்க்கியும், தொடர் முடியும் தறுவாயில், தயாரிப்பாளர்கள் தம்மிடம் உரிய தொடர்பு கொள்ளவில்லை என்று எழுதினார். அப்போது படக்கதையே முடிந்திருக்கவில்லை, அது 2017 வரை நீண்டது. தன் கதையின் முடிவு தான் எழுதுவதற்கு முன்பே வேறொருவர் கையால் திரையில் வந்துவிடுவதை ஒரு படைப்பாளி எப்படித் தாங்கிக்கொள்வார்?

படக்கதையின் வாசகர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நடிகர் தேர்வு தொடங்கிய நாளிலிருந்தே அவர்கள் குறை கூறிக்கொண்டிருந்ததால், தொடரின் பெயரையும் மாமியார் என்ற கொரியச் சொல்லையும் ஒட்டி அவர்களுக்கு ஒரு பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். மருமகள் கைபட்டால் குற்றம், கால்பட்டால் குற்றம் என்னும் மாமியார் எங்கள் ஊருக்கு மட்டும் உரியவள் இல்லை என்று அறிந்தபோது ஒருவித ஆறுதல் உண்டாயிற்று. உன் வேடத்துக்குப் பொருந்தமாட்டார் என்று அந்த மாமியார்கள் முணுமுணுத்த கிம் கோ-உன், அதே வேடத்துக்காக கொரியத் திரைப்படங்களுக்கும் தொலைக்காட்சிக்கும் வழங்கப்படும் பெக்சாங் விருதுகளின் 2016ஆம் ஆண்டு விழாவில் தொலைக்காட்சிப் பிரிவின் சிறந்த புதுமுக நடிகையாகத் தேர்வானார். நடிகர்கள் பக்கம் பிழை இல்லை என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன். 2018இல் அதே பார்க் ஹே-ஜின் நடிக்க, உன் வேடத்தை ஓ யொன்-சோ ஏற்க, திரைப்படமாகவும் வந்தது. பதினாறு மணி நேரத்தில் அடங்காதவனை இரண்டு மணி நேரத்தில் அடக்க முயன்றார்கள். அதைப் பற்றி அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

முடிவுக்கு வருகிறேன். இன்-ஹோவின் அக்கா இன்-ஹா உன்னைச் சாலையில் தள்ளிவிடுகிறாள், நீ மருத்துவமனையில் கிடக்கிறாய், தன்னால்தான் சுற்றியிருப்பவர்கள் காயப்படுகிறார்கள் என்று உணர்ந்த யூ ஜொங் உன்னைப் பிரிந்து போய்விடுகிறான். மூன்று ஆண்டுகள் ஓடுகின்றன. நீ வேலைக்குப் போகிறாய். அவனுக்கு மின்னஞ்சல் அனுப்புகிறாய். அவை திறக்கப்படாமலே கிடக்கின்றன. ஒரு நாள் அவற்றில் ஒன்றின் பக்கத்தில் ‘படிக்கப்பட்டது’ என்ற குறி தோன்றுகிறது. விபத்து என்பது கதாசிரியர்களின் பழைய கைத்தடி. இரண்டு பேர் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டியதை ஒரு வண்டியின் மோதலை வைத்துத் தீர்த்துவிடலாம். அவன் விலகிப் போனதைத் தியாகம் போலக் காட்டினார்கள். எனக்கு அது தப்பித்தலாகவே தெரிந்தது. பிறரை மறைந்திருந்து தண்டித்தவன், தன்னையும் மறைந்து போய்த் தண்டித்துக்கொண்டான். மறைவது என்ற அந்தப் பழக்கம் மட்டும் மாறவே இல்லை.

எனக்கு வேண்டியிருந்தது வேறு, சொல். திருமணமோ விமான நிலையத் தழுவலோ நான் கேட்கவில்லை. பிரிவாகவே இருந்திருந்தாலும் சம்மதம். ‘சாப்பிடப் போகலாமா’ என்று உன்னைத் தொடர்ந்து வந்து கேட்டவனை நீ ஒரு நாள் சாப்பாட்டு மேசையின் எதிரில் உட்காரவைத்து, யொங்-கொன் விஷயத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை கேட்டிருக்க வேண்டும். அவன் அந்தப் புன்னகையை எடுத்து மாட்டிக்கொள்ளாமல் பதில் சொல்லியிருக்க வேண்டும். சாதம் ஆறிப்போயிருக்கும், பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்திருப்பார்கள், நீ வழக்கத்துக்கு மாறாகக் குரலை உயர்த்தியிருப்பாய். அந்த ஒரு காட்சிக்காகப் பியானோவில் பாதியை நான் விட்டுக்கொடுத்திருப்பேன்.

இந்தக் கடிதத்துக்கு நீ பதில் எழுத வேண்டியதில்லை. அவன் மட்டும் உன் அஞ்சலைப் படித்ததோடு நின்றுவிட்டானா, இல்லை பதில் எழுதினானா?

அன்புடன்,
உன் கதையை இருமுறை பார்த்த ஓர் அக்கா